அவர் வாசித்ததை நான் எழுதினேன்

எழுதியதை எழுதியபடி வாசிக்காதவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. பள்ளிக்கூடத்தில் சங்கீதம் படிப்பிக்கிறவளுக்கு அது ஒரு குறையா என்று கேட்பீர்கள். படிப்பிக்கும்போது குறையில்லைதான். ஆனால் நான் இசை எழுதவும் செய்கிறேன், எழுதியதை நாலு பேராகச் சேர்ந்து வாசிக்கவும் செய்கிறேன். அங்கேதான் என் குணம் எனக்கே வினையாக வந்தது.

எங்கள் வீடு திருக்கேதீஸ்வரத்துக்குப் போகும் வழியில், வயல் பக்கம். சின்ன வயதில் வயலின் படித்தேன். பிறகு கொழும்பில் படித்த நாட்களில் மேற்கத்திய முறைப்படி இசை எழுதும் பைத்தியம் பிடித்துக்கொண்டது. ஊருக்குத் திரும்பி, மன்னார்த் தீவுக்குள் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்து, தினமும் பாலத்தைக் கடந்து பஸ்ஸில் போய்வரத் தொடங்கிய பிறகும் பைத்தியம் தெளியவில்லை. ஐந்து கோடு போட்ட தாள்களை நிரப்பி நிரப்பி அலுமாரிக்குள் அடுக்கினேன். அதையெல்லாம் வாசிக்க மன்னாரில் யார் இருக்கிறார்கள் என்று வீட்டில் கேட்டார்கள். கேட்டுக் கேட்டு அலுத்து, பிறகு கேட்பதையும் விட்டுவிட்டார்கள்.

சக ஆசிரியை ஒருத்தியோடு வங்காலைக் கோயில் திருநாளுக்குப் போனபோதுதான் அவரைக் கண்டேன். புனிதரின் சுருவத்தைச் சுமந்து ஊரைச் சுற்றி வரும்போது முன்னால் பாண்ட் வாத்தியம் வாசித்துக்கொண்டு போனது. பதினைந்து பேர் இருப்பார்கள். எல்லோரும் ஒரே பாட்டைத்தான் வாசித்தார்கள், ஒருவரைத் தவிர. சாக்ஸபோன் வைத்திருந்த அந்த மனிதர் ஒவ்வொரு அடியின் முடிவிலும் பாட்டை விட்டு நழுவி எங்கேயோ போய்விட்டு, அடுத்த அடி தொடங்கும்போது ஒன்றும் தெரியாதவர் மாதிரி வந்து சேர்ந்துகொண்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கட்டுப்பாடில்லாத ஆள் என்று நினைத்தேன். அப்படி நினைத்துக்கொண்டே ஊர்வலம் முடியும்வரை அவர் பின்னாலேயே நடந்தேன். கூட வந்த ஆசிரியை என்னைத் தேடிக் களைத்துப்போய்க் கோயில் வாசலில் வைத்துத் திட்டினாள்.

திட்டு முடிந்ததும் அந்த மனிதரிடம் போய், நான் எழுதியதை வாசிக்க வருவீர்களா என்று கேட்டேன். இப்படித்தான் எங்கள் குழு தொடங்கியது. அவருக்கு அப்போது முப்பத்தைந்து வயதிருக்கும். பகலில் மீனுக்கு ஐஸ் அடிக்கும் தொழிற்சாலையில் வேலை. ட்ரம்ஸ் வாசிப்பவர் எருக்கலம்பிட்டிக்காரர், என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடுவேன். புத்தளத்தில் வளர்ந்து, கல்யாண வீடுகளில் கொட்டிக் கொட்டிக் கைதேர்ந்து, ஊருக்குத் திரும்பி வந்து இரும்புக்கடை வைத்திருக்கிறார். பேஸ் கிற்றார் வாசிப்பவர் வவுனியாவில் இருந்து மாற்றலாகி வந்த விவசாயக் கந்தோர் உத்தியோகத்தர். வயலின் நான். நானாவின் கடைக்கு மேலே இருந்த அறையில் சனிக்கிழமை பின்னேரங்களில் ஒத்திகை. பள்ளிவாசலில் பாங்கு சொன்னால் நிறுத்திவிட வேண்டும். நான் எழுதியதில் மிக முக்கியமான இடம் வரும்போதுதான் எப்போதும் பாங்கு சொல்வார்கள் என்று நான் குறைப்படுவேன். நேரத்தைப் பார்த்து எழுதுங்கோவன் என்று நானா சொல்வார்.

நாங்கள் வாசித்தது என்ன வகை இசை என்று கேட்டால் சொல்வது கஷ்டம். முதலில் நான் எழுதியது வரும். இன்ன சுரம், இவ்வளவு நீளம், இவ்வளவு சத்தம் என்று எல்லாம் தாளில் இருக்கும். நடுவில் சில கட்டங்களை ஒன்றும் எழுதாமல் வெறுமையாக விட்டிருப்பேன். அந்த வெற்றுக் கட்டங்களில் சாக்ஸபோன்காரர் தனக்கு வந்ததை வாசிப்பார். மற்ற மூவரும் அவரைப் பார்த்துப் பார்த்து அந்தந்தக் கணத்தில் பின்னால் போவோம். பிறகு நான் தலையை ஆட்டினால் எல்லோரும் எழுதிய இடத்துக்குத் திரும்ப வேண்டும். இதை ஜாஸ் என்று சொன்னால் கொழும்பில் சிரிப்பார்கள். சாஸ்திரிய இசை என்று சொன்னால் எனக்குப் படிப்பித்தவர்கள் சிரிப்பார்கள். எங்களுக்கு அதைப் பற்றிக் கவலை இருக்கவில்லை. வெற்றுக் கட்டங்களை நான் மனமுவந்து விடவும் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவை இல்லாவிட்டால் அவர் வரமாட்டார். அவர் வராவிட்டால் குழு இல்லை. அவ்வளவுதான் கணக்கு.

ஒரே இடத்தை அவர் இரண்டு முறை ஒரே மாதிரி வாசித்ததில்லை. சில நாள் உயிரைக் கொடுத்து வாசிப்பார். சில நாள் ஐஸ் தொழிற்சாலைக் களைப்பு அப்படியே வாத்தியத்தில் வரும். அப்போதெல்லாம் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "தம்பி, போன கிழமை வாசிச்சதை ஏன் வாசிக்கேல்ல?" என்று கேட்பேன். "போன கிழமை என்ன வாசிச்சனான், டீச்சர்?" என்று கேட்பார். நடிக்கிறார் என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, உண்மையிலேயே அவருக்கு ஞாபகம் இருப்பதில்லை. வாசித்து முடித்தவுடன் போய்விடும்.

மூன்று வருடம் இப்படி வாசித்த பிறகு தீவுக்குள் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் கச்சேரி வைக்கக் கேட்டார்கள். நாற்பத்தைந்து வயதில், நான் எழுதியது முதல் முறையாக மேடை ஏறப்போகிறது. சந்தோஷத்தைவிடப் பயம்தான் பெரிதாக இருந்தது. நான் எழுதியதைப் பற்றிப் பயமில்லை. எழுதாமல் விட்டதைப் பற்றித்தான் பயம். அன்றைக்கு அவருக்கு ஒன்றும் வராமல் போனால் என்ன செய்வது? என் பெயர்தானே கெடும் என்று யோசித்தேன். இப்போது எழுதும்போது வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் யோசித்தேன்.

கச்சேரிக்கு இரண்டு மாதம் இருக்கும்போது ஒரு சனிக்கிழமை அவர் வழக்கத்துக்கு மாறாக வெள்ளைச் சட்டையோடு, தலையைப் படிய வாரிக்கொண்டு ஒத்திகைக்கு வந்தார். "இண்டைக்கு என்ன மாப்பிள்ளைக் கோலம்?" என்று கேட்டேன். "கோயில்ல பிள்ளையளுக்குப் புதுநன்மை டீச்சர். அங்கயிருந்து நேரே வாறன்," என்றார். எட்டு ஒன்பது வயதுப் பிள்ளைகள் வெள்ளை உடுப்புப் போட்டுக்கொண்டு முதல் முறையாக நற்கருணை வாங்கும் நாள் அது என்று எனக்குத் தெரியும். பாண்ட் வாசித்துவிட்டு வருகிறார் என்று நினைத்தேன்.

அன்றைக்கு வெற்றுக் கட்டங்கள் இருபத்துநாலு. அவர் இருபத்துநாலில் நிற்கவில்லை. முதலில் இரண்டு சுரங்களை மட்டும் வைத்துக்கொண்டு கதவைத் தட்டுவது மாதிரி ஏதோ செய்தார். பிறகு அதிலிருந்து ஒரு நடை எழுந்தது. துள்ளுகிற நடை, சின்னக் கால்கள் ஓடுவதற்கு ஏற்ற நடை. அதை வளைத்தார், ஒளித்தார், திரும்ப எடுத்தார், நடுவில் மூச்சு வாங்கிக்கொண்டு சும்மா நின்றார், திரும்பவும் அதே நடைக்கு வந்தார். நான் தலையை ஆட்ட மறந்துபோனேன். பாங்கு சொல்லவும்தான் நிறுத்தினார். நானா கம்புகளை மடியில் வைத்துவிட்டு, "சுபஹானல்லாஹ்," என்றார். எனக்குக் கண் கலங்கியிருந்தது. என் வாழ்க்கையில் அவ்வளவு கிட்டத்தில் இருந்து அப்படி ஒன்றை நான் கேட்டதில்லை.

ஒத்திகைகளைப் போனில் பதிவு செய்து வைப்பது என் வழக்கம். அந்தப் பதிவைத் திங்கட்கிழமை பஸ்ஸில் கேட்டேன். செவ்வாயும் கேட்டேன். இரண்டு கிழமை போகவரக் கேட்டுக்கொண்டே இருந்தேன். மூன்றாம் கிழமை தாளை எடுத்து எழுதத் தொடங்கினேன். இனி இதைத் தவறவிடக் கூடாது, கச்சேரியில் இது வந்தே ஆக வேண்டும், வருமா வராதா என்று அவரை நம்பிக்கொண்டு இருக்கத் தேவையில்லை என்பதுதான் என் எண்ணம்.

எழுதும்போது துப்புரவாக்கினேன். அவர் வளைத்ததை நேராக்கினேன். மூச்சு வாங்கிய இடங்களை அடைத்தேன். ஒளித்து வைத்திருந்த நடையை வெளியே எடுத்து, நாலு பேரும் சேர்ந்து முழங்குகிற மாதிரி கச்சேரியின் கடைசிப் பகுதியாக வைத்தேன். தாளின் தலைப்பில், எந்த மாதிரி வாசிக்க வேண்டும் என்று சொல்கிற இடத்தில், 'உற்சாகமாக, திருநாள் போல' என்று எழுதினேன். அதில் எனக்குப் பெருமை வேறு. அவர்களுடைய ஊர் வாழ்க்கையை நான் விளங்கிக்கொண்டுவிட்டேன் என்ற பெருமை.

அடுத்த ஒத்திகையில் தாள்களைக் கொடுத்தேன். அவருக்கு நோட்ஸ் வாசிக்க நன்றாகத் தெரியும், பாண்டில் பழகியது. முதல் பக்கத்தைப் பார்த்தார். விரல்கள் மட்டும் வாத்தியத்தில் சத்தமில்லாமல் அசைந்தன. பிறகு நின்றுவிட்டன.

"இது நான் வாசிச்சதெல்லோ, டீச்சர்?"

"ஓம். அண்டைக்கு எவ்வளவு வடிவா வந்தது. அதை விடலாமோ?"

அவர் தாளை இரண்டு தரம் திருப்பிப் பார்த்தார். "இதை இல்லாமல் செய்ய ஏலாதோ?"

"ஏன் தம்பி?"

"அது அண்டைக்கு வந்தது," என்றார். தாளை மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

எனக்குச் சுள்ளென்றது. கலைஞருக்குத் தலைக்கனம் என்று முடிவு கட்டினேன். தன் கற்பனையை இன்னொருத்தி தாளில் பிடித்துவிட்டாளே என்று ரோசம் என்று நினைத்தேன். "மூண்டு வருஷமா உங்கட இஷ்டத்துக்கு விட்டனான். ஒரே ஒருக்கா எழுதினதை வாசியுங்கோ," என்றேன். மற்ற இருவரும் நிலத்தைப் பார்த்தார்கள். அவர் ஓம் என்றார். அவர் அப்படிப்பட்டவர், இல்லை என்று சொல்ல வராது. அதன் பிறகு ஒவ்வொரு ஒத்திகையிலும் நான் எழுதியதை ஒரு சுரம் பிசகாமல் வாசித்தார். சரியாக வாசித்தார், ஆனால் சப்பென்று இருந்தது. மேடை ஏறினால் சூடு பிடிக்கும் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

கச்சேரி நாள், ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், மண்டபம் நிறைந்திருந்தது. பாதிக்கு மேல் வங்காலைச் சனம். தங்கள் ஊர்ப் பிள்ளை மேடையில் வாசிப்பதைப் பார்க்க இரண்டு பஸ்ஸில் வந்திருந்தார்கள். அவருடைய பாண்ட்காரர்கள் ஒரு வரிசை முழுக்க இருந்தார்கள். மனைவி மூன்றாவது வரிசையில். தையல் வேலை செய்கிற, அதிகம் பேசாத பெண். ஒருமுறை எனக்குச் சட்டை தைத்துத் தந்திருக்கிறாள்.

முதல் முக்கால் மணி நேரம் நன்றாகவே போனது. வெற்றுக் கட்டங்களில் அவர் தன் பாட்டில் வாசித்தார், சனம் சிரித்தது, கைதட்டியது. பிறகு கடைசிப் பகுதி. நான் வில்லை உயர்த்தினேன், நானா நடையைத் தொடங்கினார், நாலு பேரும் ஒன்றாக இறங்கினோம். இரண்டு வரி போயிருக்காது, முன்வரிசையில் ஒரு பெண் சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு எழுந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர். பாண்ட்காரர்கள் அத்தனை பேரும் எழுந்தார்கள். அரை நிமிடத்தில் பாதி மண்டபம் எழுந்து நின்றது. எழுந்து நின்று மரியாதை செய்கிறார்கள் என்று நான் பூரித்துப்போனேன். நானாவைப் பார்த்து, இன்னும் சத்தமாக என்று கண்ணைக் காட்டினேன். அந்த மனிதரும் நம்பி வெளுத்து வாங்கினார்.

சாக்ஸபோன்காரரைத் திரும்பிப் பார்த்தேன். முகம் ஈரமாக இருந்தது. வேர்வை என்று நினைத்தேன்.

முடித்தோம். ஒருவரும் கைதட்டவில்லை. நின்றவர்கள் நெஞ்சில் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார்கள். எங்கள் பக்கத்து ஆட்களும் எருக்கலம்பிட்டி ஆட்களும் கதிரைகளில் இருந்தபடி ஒன்றும் விளங்காமல் சுற்றிப் பார்த்தார்கள். அவர் சாக்ஸபோனைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். மூன்றாவது வரிசையில் இருந்து மனைவி எழுந்து வந்தாள். இருவரும் பக்கத்துக் கதவால் வெளியே போனார்கள்.

பாண்டில் பெரிய மேளம் அடிப்பவர் மேடைக்கு வந்தார். என் முகத்தில் ஈயாடவில்லை, அதைப் பார்த்துத்தான் வந்திருக்க வேண்டும்.

"டீச்சருக்கு ஒருத்தரும் சொல்லேல்லையோ? அது சம்மனசுப் பாட்டு."

"என்ன பாட்டு?"

"சம்மனசு எண்டா தேவதூதர். சின்னப் பிள்ளையள் செத்தா வாசிக்கிறது. ஞானஸ்நானம் எடுத்த பிள்ளை, பாவம் தெரியாத சீவன், நேரே மோட்சத்துக்குப் போகுது. அதால அழுற பாட்டு வாசிக்கிறேல்ல. இப்பிடித் துள்ளுற பாட்டுத்தான். மணியும் திருநாள் மணி மாதிரித்தான் அடிப்பினம். பெட்டி போகேக்க சனம் எழும்பி நிக்கும்."

சைவக்காரரான எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளை இறந்தால் மேளம், பாட்டு ஒன்றும் கிடையாது. நாலு ஆண்கள் சத்தம் போடாமல் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு வருவார்கள். ஒரு சாவுக்குத் துள்ளுகிற பாட்டு இருக்கும் என்பது என் புத்திக்கு எட்டாத விஷயம். நாலு பேரில் அது தெரிந்தவர் அவர் ஒருவர்தான். மற்ற மூவரும் வேதக்காரர் இல்லை, கோயில் பூசைக்குப் போகிறவர்கள் இல்லை.

மேளக்காரர் குரலைத் தாழ்த்திக்கொண்டு மிச்சத்தையும் சொன்னார். அவர்களுக்கு ஒரு மகள் இருந்தாள். இரண்டு வயதில் காய்ச்சல் வந்து போய்விட்டாள், ஏழு வருடத்துக்கு முன்பு. "நாங்கள்தான் வாசிச்சனாங்கள். சொந்த வீட்டுச் செத்தவீட்டுக்கு வாசிக்கிறேல்ல எண்டு எங்கட பாண்டில ஒரு வழக்கம். அதால அவர் பெட்டியைக் கையில தூக்கிக்கொண்டு நடந்தவர். அதுக்குப் பிறகு சின்னப் பிள்ளையின்ர அடக்கம் எண்டா அவர் வரமாட்டார். நாங்களும் கூப்பிடுறேல்ல. இண்டைக்கு மேடையில அவர் அதை வாசிக்க எங்களுக்குக் கை கால் ஓடேல்ல, டீச்சர்."

இருந்திருந்தால் அந்தப் பிள்ளைக்கு அந்த வருடம் புதுநன்மை. நான் கணக்குப் போட்டுப் பார்த்தது அப்போதுதான். அவர் கோயிலில் பாண்ட் வாசித்துவிட்டு வரவில்லை. மகளின் வயதுப் பிள்ளைகள் வெள்ளை உடுப்போடு நிற்பதைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். அவரைத்தான் நான் மாப்பிள்ளைக் கோலம் என்று கேலி செய்தேன். அந்த மனிதர் தன் பிள்ளைக்கு வாசிக்க முடியாமல் போனதை ஏழு வருடம் கழித்து, அதுவும் ஒளித்து ஒளித்து, வெற்றுக் கட்டங்களில் வாசித்திருக்கிறார். நான் அதன் முகத்திரையைப் பிடுங்கி, மேளம் சேர்த்து, திருநாள் போல என்று மேலே எழுதி, அவர் மனைவிக்கு முன்னால் வாசிக்க வைத்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து முதல் வேலையாகப் போனில் இருந்த பதிவை அழித்தேன். தாள்களைக் கிழித்தேன். நானாவிடமும் விவசாயக் கந்தோர்க்காரரிடமும் இருந்த பிரதிகளை வாங்கி, குப்பை எரிக்கும் இடத்தில் போட்டுக் கொளுத்தினேன். பெரிய நியாயம் செய்துவிட்டதாக ஒரு நினைப்பு. எதைச் செய்தாலும் என் அவசரபுத்திதான் முன்னால் நிற்கும்.

அடுத்த சனிக்கிழமை அவர் ஒத்திகைக்கு வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. நாங்கள் மூவரும் ஒன்றையும் தொடாமல் தேத்தண்ணி குடித்துவிட்டு எழுந்துபோனோம். "போய்க் கேளுங்கோ டீச்சர், நீங்கதான் போகணும்," என்றார் நானா. மூன்றாம் சனிக்கிழமை வங்காலைக்குப் போனேன்.

அவர் வீட்டில்தான் இருந்தார். முற்றத்தில் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டுச் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து, "வாங்கோ டீச்சர்," என்று கையைத் துடைத்தார். கோபமே இல்லாத அந்தக் குரலைக் கேட்க எனக்கு இன்னும் மோசமாக இருந்தது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். கதிரையில் உட்காராமலே மன்னிப்புக் கேட்டேன். என்ன சொன்னேன் என்று சரியாக ஞாபகமில்லை. நிறையச் சொன்னேன் என்று மட்டும் தெரியும்.

"உங்களுக்குத் தெரியாதுதானே," என்றார். "நான் சொல்லியிருக்கோணும். வாய் வரேல்ல."

மனைவி உள்ளே தையல் மெசினை நிறுத்திவிட்டு வந்து கதவு நிலையில் சாய்ந்துகொண்டாள். அவள் என்னை நேராகப் பார்த்துப் பேசியது அன்றுதான்.

"டீச்சர், மேடையில வாசிச்சது நாலு பேருமாச் சேந்து வாசிச்சது. அதில இவரைக் கேக்கேல்ல. புதுநன்மை அண்டைக்குத் தனிய வாசிச்சதெண்டு பிறகு சொன்னவர். பிள்ளைக்கு இவர் வாசிச்சு நான் ஒருநாளும் கேட்டதில்லை. நீங்கள் போனில பிடிச்சு வைச்சிருக்கிறியளாம். ஒருக்காப் போடுங்கோ."

என் நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது. அழித்துவிட்டேன் என்று சொன்னேன். அவர்களுக்குச் செய்யும் மரியாதை என்று நினைத்து அழித்தேன், எழுதியதையும் எரித்துவிட்டேன் என்று சொன்னேன்.

அவள் கதவு நிலையை விட்டு நிமிர்ந்தாள். பிறகு கணவரைப் பார்த்து, "நீங்கள் திரும்ப வாசியுங்கோவன்," என்றாள்.

"எனக்குத் தெரியாது," என்றார். "என்ன வாசிச்சனான் எண்டு ஒண்டும் ஞாபகமில்லை."

"பரவாயில்லை," என்று சொல்லிவிட்டு அவள் எனக்குத் தேத்தண்ணி போட உள்ளே போனாள். அந்தப் பரவாயில்லையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். ஏழு வருடம் காத்திருந்து ஒரே ஒரு பொருளைக் கேட்டாள், அது என் கையில் இருந்தது, நான் அழித்துவிட்டேன்.

திரும்பி வரும்போது பஸ் பாதி வழிக்கு வந்த பிறகுதான், என் தலைக்குள் அது ஓடிக்கொண்டிருப்பதைக் கவனித்தேன். இரண்டு கிழமை பஸ்ஸில் போகவரவும், பிறகு எழுதும்போது திரும்பத் திரும்பவும் கேட்டவள் நான். நான் துப்புரவாக்கி எழுதியது எரிந்துபோனாலும், துப்புரவாக்குவதற்கு முன் இருந்தது அப்படியே காதில் இருந்தது. எந்த இடத்தில் வளைத்தார், எந்தச் சுரம் நடுங்கியது, எந்த இடத்தில் வாத்தியத்தில் விரல் அமர்த்தும் ஒரு சாவி ஒட்டிக்கொண்டு காற்று மட்டும் வந்தது, எல்லாம் இருந்தது.

பள்ளிக்கூடம் விட்ட பிறகு ஒவ்வொரு நாளும் சங்கீத அறையில் இருந்து எழுதினேன். இந்த முறை ஒன்றையும் திருத்தவில்லை. பிழையான சுரத்தைப் பிழையாகவே எழுதினேன். ஒட்டிக்கொண்ட சாவிக்கு ஒரு குறி கண்டுபிடிக்க ஒரு பின்னேரம் போனது. மூச்சு வாங்கி நின்ற இடங்களை, எவ்வளவு நேரம் நின்றார் என்று அளந்து அப்படியே விட்டேன். எப்படி வாசிக்க வேண்டும் என்று மேலே ஒரு சொல்கூட எழுதவில்லை, அதைச் சொல்ல நான் யார்? மொத்தம் எட்டுப் பக்கம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த நேரம் பார்த்துக் கொண்டுபோனேன். அவர் வாசலிலேயே நின்று பக்கம் பக்கமாகப் பார்த்தார். "இவ்வளவும் நானோ வாசிச்சனான்?" என்று கேட்டார்.

"ஓம். இவ்வளவும் நீங்கள்தான்."

"இந்த இடத்தில என்ன குறி?"

"அதில சாவி ஒட்டினது. காத்துத்தான் வந்தது."

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கண்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. வாத்தியத்தை எடுத்து வந்தார். தாள் வைக்க ஒன்றும் இல்லை, மனைவி தையல் மெசின்மேல் கிடந்த துணிகளை அள்ளி ஒதுக்கிவிட்டு இடம் செய்து கொடுத்தாள். நான் வெளியே போகட்டுமா என்று கேட்டேன். இருங்கோ என்றாள்.

அவர் வாசித்தார். முதலில் தடுமாறினார். இரண்டாம் பக்கத்தில் நடை வந்தது. தான் வாசித்ததைத் தானே முதல் முறையாகக் கேட்கும் ஒருவரின் முகம் எப்படி இருக்கும் என்று நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். சாவி ஒட்டிய இடத்தில் வாயால் காற்றை மட்டும் ஊதினார். நின்ற இடங்களில் நின்றார். எட்டாம் பக்கத்தை முடித்துவிட்டு வாத்தியத்தைக் கீழே வைக்கப் போனார்.

"திரும்ப," என்றாள் மனைவி. கட்டிலின் விளிம்பில், கைகளை மடியில் கோத்துக்கொண்டு இருந்தாள்.

"இனிமேல் அப்பிடி வராது," என்றார் அவர்.

"ஏன் வராது? எழுதிக் கிடக்குத்தானே. வாசியுங்கோ."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு முதல் பக்கத்தை எடுத்து முன்னால் வைத்தார். இரண்டாம் முறையும் அவள் அசையாமல் கேட்டாள். மூன்றாம் முறை ஐந்தாம் பக்கத்துக்கு வரும்போது எழுந்து தலையில் சேலைத் தலைப்பைப் போட்டுக்கொண்டாள், அழத் தொடங்கினாள். அவர் நிறுத்தவில்லை. கண்ணைத் தாளில் இருந்து எடுக்காமல் எட்டாம் பக்கம்வரை, ஒரு சுரம் மாறாமல், பிள்ளைக்கு வாசித்தார்.